உப்பு வணிகனும் ஒரு கைப்பிடி அரிசியும்

உப்புக்காக ராஜாவே வாசலில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தால் போதும், உங்களுக்குத்தான் கதை முடிவதற்குள் தூக்கம் வந்துவிடுமே.

கடல் ஓரத்து ஊர் ஒன்றில் திருமேனி என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். அவனுக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. உப்பளத்தில் உப்பை ஏற்றுவான், மலையடிவாரம் வரை போவான், உப்பைக் கொடுத்து நெல் வாங்குவான், நெல்லோடு ஊர் திரும்புவான். போக ஒரு பாதை, வர அதே பாதை. அவன் பிழைப்பு அதுதான்.

நல்லவன்தான். பொய் சொல்ல மாட்டான், கள் குடிக்க மாட்டான், யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டான். ஆனால் கொஞ்சம் கெட்டிக் கை. நெல்லை வாங்கும்போது படியைக் குவித்து வாங்குவான். உப்பைக் கொடுக்கும்போது படியின் தலையை விரலால் வழித்து, தட்டிக் கொடுப்பான். கேட்டால், "குவிச்சு வாங்கணும், தட்டிக் கொடுக்கணும். பெறகு என்னத்துக்கு வியாபாரம்?" என்பான். கொடுத்ததற்கு ஈடாக ஒன்று வர வேண்டும், வந்ததற்கு ஈடாக ஒன்று போக வேண்டும். உலகத்தில் இதைத் தவிர வேறு கணக்கு உண்டென்று அவனுக்குத் தெரியாது.

அவன் மனைவி பெயர் ஆவுடையாள். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு மண் கலயத்தில் போடுவாள். அது சாமிக்கு. கலயம் நிறைந்ததும் மலைப்பாதையில் இருந்த கஞ்சி மடத்துக்குப் போய்ச் சேரும். அந்த மடத்தில் வழிப்போக்கர் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. எந்த ராஜாவும் அந்த மடத்துக்கு நிலம் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த கைப்பிடியில்தான் அது நடந்தது. அரிசி உள்ள வீடு அரிசி கொடுக்கும், வரகு உள்ள வீடு வரகு கொடுக்கும்.

திருமேனிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "ஏட்டி, தெனமும் ஒரு பிடி கொடுக்கியே, சாமி உனக்குத் திருப்பி என்னத்தக் கொடுத்தாரு?" என்று கேட்பான்.

"நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுதியளே, அது போதாதா?" என்பாள் ஆவுடையாள்.

திருமேனி சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவான்.

அப்படி இருந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகம்மை என்று பெயர் வைத்தார்கள், உலகு என்று கூப்பிட்டார்கள். குழந்தை தவழத் தொடங்கிய நேரத்தில் ஆவுடையாளுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியம் பார்த்தார்கள், வேண்டுதல் வைத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைய உங்ககிட்டச் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கைப்பிடி அரிசிய மட்டும் விட்டுராதிய," என்றாள்.

உப்பு வணிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தியம் செய்வதென்றால் உப்பின்மேல் கை வைத்துத்தான் செய்வார்கள். அதை மீறியவனோடு சேர்ந்து யாரும் வண்டி கட்ட மாட்டார்கள். திருமேனி ஒரு தட்டில் உப்பைக் கொண்டுவரச் சொன்னான். அதன்மேல் கையை வைத்து, "விடமாட்டேன்" என்றான். அவன் கையை அழுத்தியதில் உப்பு தரையெல்லாம் சிந்தியது. அன்று மாலையே ஆவுடையாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, திருமேனி தானே அடுப்பு மூட்டினான். அரிசியைக் கழுவ எடுத்தான். கலயம் பக்கத்தில் இருந்தது. கை போனது, பாதியில் நின்றது. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தன வருசமா ஒரு பிடி ஒரு பிடியா வாங்கினீரு. வாங்கிக்கிட்டு, எங்கிட்ட இருந்தவளையும் கொண்டு போயிட்டீரு. இது என்ன வியாபாரம்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டான். கூரை என்ன சொல்லும்?

சத்தியத்தை மீற முடியாது. தன் கையால் அள்ளிப் போடவும் மனம் வரவில்லை. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கையைப் பார்த்தான். வியாபார மூளை அல்லவா, சட்டென்று வேலை செய்தது. ஒரு கைப்பிடி என்றுதானே அவள் சொன்னாள். யார் கைப்பிடி என்று சொல்லவில்லையே.

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தான். அதன் கையை அரிசிக்குள் விட்டு, விரல்களை மூடி, கலயத்தின்மேல் பிடித்துத் திறந்தான். கலயத்தின் அடியில் நாலைந்து அரிசி விழுந்த சத்தம் கேட்டது. சத்தியமும் நின்றது, அரிசியும் நின்றது. ஊர் உலகத்துக்குத் தலைதட்டி அளந்தவன் அன்றைக்குச் சாமிக்கும் தலைதட்டி அளந்தான்.

சிரிக்காதீர்கள். துக்கத்தில் இருக்கிறவன் செய்கிற காரியத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

குழந்தைக்கு அது விளையாட்டாகிவிட்டது. அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டதும் தவழ்ந்து வந்து கையை நீட்டும். பிறகு நடந்து வந்து நீட்டியது. பிறகு பேச்சு வந்தது, கேள்வியும் வந்தது.

"இது யாருக்குப்பா?"

"சாமிக்கு."

"அம்மா எங்க?"

திருமேனி அடுப்பை ஊதினான். ரொம்ப நேரம் ஊதினான். "சாமிகிட்ட," என்றான்.

குழந்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அரிசியை அள்ளிப் போடும்போது அவளாகவே ஒன்று சொல்லத் தொடங்கினாள்: "சாமி, இந்தா. அம்மாவுக்கும் குடு."

அதைக் கேட்கும்போதெல்லாம் திருமேனி முகத்தைத் திருப்பிக்கொள்வான். கண்ணில் புகை பட்டது என்று சொல்வான். நனைந்த விறகு, காய்ந்த விறகு, எந்த விறகானாலும் அவனுக்கு மட்டும் தினமும் புகை பட்டது.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அதனால் உலகுவும் வண்டியிலேயே வளர்ந்தாள். கலயத்தின் வாயைத் துணியால் கட்டி வண்டிக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஓர் ஆறு குறுக்கிடும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் வெறும் மணல். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கஞ்சி மடம். ஒவ்வொரு தடவையும் அங்கே வண்டியை நிறுத்தி, கலயத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போவார்கள்.

மடத்தைப் பார்த்துக்கொண்டவள் பிச்சம்மாள் என்ற பெண். குரல் பெரிது, மனசும் பெரிது, அகப்பையும் பெரிது. ஒரு தடவை கலயத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தவள், "என்ன அண்ணாச்சி, உங்க வீட்டுல சிட்டுக்குருவியா அரிசி அள்ளிச்சு?" என்று கேட்டாள். திருமேனி தரையைப் பார்த்தான். "நாந்தான் அள்ளினேன்," என்று உலகு பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினாள். பிச்சம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், தாயில்லாப் பிள்ளையின் சீவாத தலையைப் பார்த்தாள். பிறகு கலயத்தை உள்ளே எடுத்துப்போனாள்.

திருமேனியின் மாடுகளில் செவலை என்று ஒரு காளை. பிச்சம்மாள் அரிசி கழுவிய தண்ணீரை வாசல் கல்தொட்டியில் ஊற்றுவாள். செவலைக்கு அந்தக் கழுநீர் என்றால் உயிர். ஆற்றைத் தாண்டியதும், யாரும் ஓட்டாமலே மடத்தைப் பார்த்து வேகமாக நடக்கும். "சோம்பேறிக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் வழி தெரியும்," என்று திருமேனி வைவான். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வருடங்கள் போயின. உலகுவின் கை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, கையோடு பிடியும் வளர்ந்தது. ஆனாலும் அந்தக் கைப்பிடிக்கு மூன்று தடவை ஆபத்து வந்தது.

ஒரு வருடம் நல்ல விளைச்சல். வண்டி கொள்ளாத நெல். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் திருமேனி அரிசியை அப்படியே உலையில் கொட்டப் போனான். "அப்பா, சாமிக்கு," என்று உலகு கையை நீட்டினாள். நிறுத்தினான்.

இன்னொரு வருடம் மயிலைக் காளை செத்துப்போனது. செவலைக்கு ஜோடியாக நுகத்தில் நடந்த மாடு அது. "ஒண்ணும் போட வேண்டாம், போ," என்று திருமேனி கத்தினான். உலகு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் அள்ளிப் போட்டாள். "சாமி, இந்தா. அம்மாவுக்கும் குடு. மயிலைக்கும் குடு."

மூன்றாவது, பஞ்சம். மழை பொய்த்துவிட்டது. மலையடிவாரத்தில் நெல் இல்லை, உப்பை வாங்க ஆள் இல்லை. மூட்டையில் அரிசி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. "சாமிக்கு ஒரு நாள் இல்லாட்டா ஒண்ணும் ஆயிராது," என்றான் திருமேனி. உலகு யோசித்தாள். "நமக்கே இம்புட்டுப் பசிக்குதே, அங்க இருக்கிறவங்களுக்குப் பசிக்காதா?" என்றாள். அவன் மூட்டையின் வாயை அகலமாகப் பிடித்தான். அவள் கையை விட்டு அள்ளினாள்.

அந்தப் பஞ்ச வருடத்தின் முடிவில்தான் அது நடந்தது.

நான்கைந்து உப்பு வணிகர்கள் சேர்ந்து வண்டி கட்டிக்கொண்டு மலைப்பாதையில் போனார்கள். ஆறு வறண்டு கிடந்தது. திருமேனியின் முதல் வண்டி மணலில் இறங்கியது. மயிலை போன பிறகு ஒற்றை மாட்டு வண்டியாக்கியிருந்த அதைச் செவலை இழுத்தது, உலகு வண்டிக்குள் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், திருமேனி பக்கத்தில் நடந்தான். இரண்டாவது வண்டியை ஓட்டிவந்த கூட்டாளி சுடலையாண்டி இன்னும் கரையில் நின்றான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்று காலை மலைமேல் மழை பெய்திருந்தது. ஊரெல்லாம் அழுது கேட்ட மழைதான். கீழே ஒரு துளி இல்லை, ஆனால் ஆற்றில் வெள்ளம் புறப்பட்டுவிட்டது.

நடு ஆற்றில் இரைச்சல் கேட்டது. "திருமேனி, பிள்ளைய எடு," என்று சுடலையாண்டி கரையிலிருந்து கத்தினான். திருமேனி கத்தியை உருவி, மாட்டை நுகத்தோடு பிணைத்திருந்த பூட்டாங்கயிற்றை அறுத்தான். பிள்ளையைப் பிடிக்கத் திரும்பினான். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

வண்டி புரண்டது. உப்பெல்லாம் ஒரு நொடியில் கரைந்து போனது. திருமேனியை வெள்ளம் வந்த கரைக்கே தள்ளியது, சுடலையாண்டி தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். இருமிக்கொண்டே எழுந்து பார்த்தான். ஆறு திரும்பும் இடத்தில் செவலையின் தலை தெரிந்தது. அதன் திமிலைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கை தெரிந்தது. அவ்வளவுதான். திருப்பத்தில் இரண்டும் மறைந்துவிட்டன.

ஓடினான். மறுபடியும் ஆற்றில் குதிக்கப் பார்த்தான். நான்கு பேர் சேர்ந்து அவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். "நீயும் செத்தா அவள யாரு தேடுவா?" என்றான் சுடலையாண்டி. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அடங்கினான். வெள்ளம் வடியும்வரை ஆற்றைத் தாண்ட வழியில்லை.

மறுநாள் காலை, கரையில் காத்திருந்த முதல் நாள், அடுப்பு மூட்டினார்கள். திருமேனி பழக்கத்தில் அரிசி மூட்டையின் வாயை அகலமாகப் பிடித்தான். பிடித்துக்கொண்டே நின்றான். அள்ளுவதற்கு அந்தச் சின்னக் கை வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்துத் தன் கையையே உள்ளே விட்டான். ஆவுடையாள் போன பிறகு முதல் தடவையாக அவன் கை அந்த அரிசியைத் தொட்டது. அள்ளித் துண்டில் போட்டான். கலயம்தான் ஆற்றோடு போய்விட்டதே. "சாமி, மிஞ்சின ஒரு வண்டி உப்பும் உமக்கு. பிள்ளையக் கொடும்," என்றான். ஆறு குறையவில்லை.

இரண்டாம் நாள் காலையும் ஒரு பிடி அள்ளினான். "உப்பு மட்டும் இல்ல. வண்டி, மாடு, வீடு, எல்லாத்தையும் எடுத்துக்கிடும். பிள்ளையக் கொடும்," என்றான். ஆறு இன்னும் ஏறியது.

மூன்றாம் நாள் காலை அள்ளினான். சொல்ல வாயெடுத்தான். கொடுப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கேட்பதற்குக்கூட அவனிடம் தெம்பு இல்லை. கையில் இருந்த அரிசியைப் பார்த்தான். எத்தனையோ காலையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்தான் வாயில் வந்தது.

"சாமி, இந்தா. அவ அம்மாவுக்கும் குடு."

துண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். பேரம் பேசவில்லை. அன்று உச்சிப் பொழுதில் வெள்ளம் வடிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனான். ஆற்றோரமாகவே தேடிக்கொண்டு நடந்தான். முதலில் வண்டிச் சக்கரம் கிடைத்தது, சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. பிறகு பாறை இடுக்கில் கலயம் கிடைத்தது, உடைந்து ஓடாகக் கிடந்தது. அந்த ஓட்டுத் துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மேலும் நடந்தான். ஆற்றின் திருப்பத்துக்கு அப்பால், ஈர மண்ணில், மாட்டுக் குளம்பின் தடம் தெரிந்தது. அதன் பக்கத்தில், ஒட்டிக்கொண்டே, சின்னக் காலடி.

தடம் எங்கும் நிற்கவில்லை, எங்கும் தடுமாறவில்லை. மேடேறி, பாதையில் சேர்ந்து, நேராகப் போனது. எங்கே போகிறது என்று அவனுக்கு விளங்கியபோது ஓடத் தொடங்கினான். சோம்பேறிக்குச் சாப்பாட்டுக்கு வழி தெரியும் என்று வைதானே, அந்த வழிதான். எத்தனையோ வருடமாக, மனசு இருந்தும் இல்லாமலும், வண்டியை மடத்தில் நிறுத்தாமல் ஒரு நாளும் போகாத அதே வழி.

மடத்து வாசலில், கல்தொட்டியில் வாயை வைத்துச் செவலை கழுநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உலகு அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள்.

அவன் அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அங்கே அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. பிறகு காதில் மெதுவாக, "கலயம் ஆத்தோட போச்சுப்பா. சாமி வையுமா?" என்றாள்.

"வையாது," என்றான். அவன் சாமியைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து பிச்சம்மாள் வந்தாள். அவளைப் பார்த்ததும் திருமேனி எழுந்து கும்பிட்டான். "பிள்ளைக்கு என்ன கொடுத்திய? இந்தப் பஞ்சத்துல மடத்துல அரிசி இருந்துச்சா?" என்று கேட்டான்.

"என்னைக்கு இருந்துச்சு? மாடும் பிள்ளையும் வந்து நின்ன அன்னைக்குப் பானைய வழிச்சுக் கவுத்து வச்சிருந்தேன்."

"அப்போ நாங்க கொடுத்த கலயத்து அரிசிய எடுத்து வச்சிருந்தியளோ?" திருமேனியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கொடுத்தது திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் கணக்குச் சரியாகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

பிச்சம்மாள் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே அண்ணாச்சி. நீங்க கொடுத்தது நீங்க கொடுத்த அன்னைக்கே போச்சு. யாரோ வந்தாங்க, யாரோ குடிச்சாங்க. நான் மொகத்தையா பாத்து வைக்கேன்?"

"பெறகு?"

"ஆறு பொங்கின அன்னைக்குச் சாயந்தரம், இந்தப் பிள்ளை நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வந்து நிக்குது. பானையில ஒண்ணும் இல்ல, நான் என்ன செய்யன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன். ஆடு பத்திக்கிட்டு ஒருத்தி வந்தா. பஞ்சத்துல அடிபட்ட உடம்பு, எலும்புதான் இருக்கு. முந்தானை முடிச்ச அவுத்து ஒரு பிடி வரகக் கொட்டினா. சாமிக்குன்னு எடுத்து வச்சதுன்னு சொன்னா. அதத்தான் காய்ச்சிக் கொடுத்தேன். மலையில மழை பெஞ்ச சந்தோசத்துல மறுநாள் நாலு வீட்டுல இருந்து வந்துச்சு, வண்டி ஓடுது."

"அவ பேரு என்ன?"

"கேக்கல."

"எந்த ஊரு?"

"சொல்லல."

"எந்தப் பக்கமாப் போனா?"

"ஆடு போன பக்கமாப் போனா."

திருமேனி மடத்து வாசலிலேயே நின்றான். அவளைத் தேடிப்பிடித்து ஒரு மூட்டை உப்பு கொடுக்க வேண்டும் போலிருந்தது. யாரென்று தேடுவது? வாங்கினதற்கு ஈடு கொடுக்க முடியாமல் அவன் கை வெறுமனே தொங்கியது. அவன் வாழ்க்கையில் அப்படி நின்றதே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. ஆறு பொங்கிய அன்று சாயந்தரம் என்றாளே. முதல் நாள் காலை ஒரு வண்டி உப்பு தருகிறேன் என்று அவன் அழுதபோது, பிள்ளை ஏற்கெனவே வயிறு நிறைந்து இங்கே தூங்கி எழுந்திருந்தாள். வீட்டையும் மாட்டையும் தருகிறேன் என்று கெஞ்சியபோது செவலைக்குக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். அவன் கேட்பதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. குவித்துக் கொடுத்தாகிவிட்டது. இத்தனை வருடம் தலைதட்டி வாங்கிக்கொண்ட சாமி, ஒரு சொல் சொல்லாமல், குவித்துக் கொடுத்திருந்தார்.

திருமேனி அன்று மடத்திலேயே தங்கினான். மறுநாள் காலை பிச்சம்மாள் அடுப்பு மூட்டினாள். சுடலையாண்டி கொண்டுவந்து சேர்த்த வண்டியிலிருந்து அரிசி மூட்டையைத் திருமேனி இறக்கினான். பிச்சம்மாள் ஒரு புதுக் கலயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். உலகு வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"இரும்மா," என்றான் திருமேனி. தன் கையை உள்ளே விட்டு, விரலிடுக்கில் வழியும்படி ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டான்.

உலகு கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க கை எம்புட்டுப் பெருசுப்பா," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கையையும் விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள். "சாமி, இந்தா. அம்மாவுக்கும் குடு."

"பேரு தெரியாத அந்த அம்மாவுக்கும் குடு," என்றான் திருமேனி.

அதன் பிறகு அவன் உப்பைக் குவித்து அளந்தானா என்று கேட்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. உப்பைத் தட்டித்தான் அளந்தான். மனுஷன் ஒரே நாளில் மாறிவிடுவானா என்ன? ஆனால் அந்தக் கலயத்துக்கு மட்டும் கடைசிவரை தன் கையால் குவித்துப் போட்டான். உலகு வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும், சத்தியத்துக்காக இல்லாமல், திரும்பி வரும் என்பதற்காகவும் இல்லாமல், தினமும் ஒரு பிடி போட்டான். அடுப்புப் புகை மட்டும் கடைசிவரை அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

கதை முடிந்தது, தூங்கியவர்களை எழுப்புங்கள். அவர்களுக்கும் சேர்த்து இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாள் தவறாமல் நாம் செய்கிற சின்ன நற்செயல் நம்மை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே நமக்காக வைத்திருக்கும் கஞ்சியோ எந்நாளும் விலை கேட்காத அருள்.